அழிய மறுத்த ஃபைல்

லாக்கப்பில் மூன்றாவது விரலையும் உடைத்துவிட்டார்கள் என்று போன் வந்தபோது, நான் ஒரு செத்தவனின் கம்ப்யூட்டரில் குப்பை அள்ளிக்கொண்டிருந்தேன்.

போனை எடுத்தது ஆபரேட்டர் மேடம். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊர் ரகசியத்தையெல்லாம் காதில் வாங்கிவிட்டு, ரிட்டயரான மறுவாரமே துப்பறியும் ஏஜென்சி திறந்தவர். கேட்ட எதையும் வெளியே சொன்னதில்லை என்பார். மறந்ததும் இல்லை. ஏஜென்சியில் மொத்தமே இரண்டு பேர்தான். மூளை அவர், மற்றதெல்லாம் நான். காதருகே ஓயாமல் ரீங்காரம் போடுகிறேன் என்று எனக்குக் கொசு என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

"சொல்லுங்க ரைட்டர்... இன்னும் வாயைத் திறக்கலையா? எத்தனை மணி வரைக்கும் டைம்? சரி, வெச்சுடறேன்."

போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஸ்டேஷன் ரைட்டர். நாலு மணிக்குள்ள பையன் வாக்குமூலத்துல கையெழுத்து போடலைன்னா இன்ஸ்பெக்டர் மறுபடி உள்ளே போறாராம். இந்தத் தடவை லத்தி இல்ல, இரும்பு பைப்பு. பையன் தாங்க மாட்டான்னு ரைட்டரே சொல்றார்."

"கையெழுத்து போடறதுக்காவது ரெண்டு விரலை மிச்சம் வெச்சிருக்காங்களா மேடம்?"

"கொசு, வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள். அவள்தான் எங்கள் கட்சிக்காரி. செத்தவன் அவள் புருஷன். லாக்கப்பில் அடி வாங்குகிறவன் அவள் தம்பி. இந்தப் பக்கம் போனாலும் இடி, அந்தப் பக்கம் போனாலும் இடி. அப்படி ஒரு நிலைமை என் எதிரிக்கும் வர வேண்டாம்.

அது ஒரு குரல் பதிவு ஸ்டூடியோ. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசுகிறவர்கள் நிற்கும் சின்ன அறை, இந்தப் பக்கம் கம்ப்யூட்டர். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இந்தச் சுவரின் காதில் மட்டும் அரை அடி கனத்துக்குப் பஞ்சை அடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே பீரங்கி வெடித்தாலும் வராந்தாவில் நிற்கிறவனுக்குத் தும்மல் சத்தம்கூடக் கேட்காது. கொலை செய்ய இதைவிட வசதியான இடம் வேண்டுமா?

எல்லோரும் சவுண்டு என்று கூப்பிட்ட அவள் புருஷனை, ஒலிப்பதிவு இன்ஜினியரை, நேற்று மாலை ஆறு மணி வாக்கில் இந்த அறையில் அடித்தே கொன்றிருந்தார்கள். அடித்தது மைக் மாட்டும் இரும்பு ஸ்டாண்டால். மண்டை இரண்டு இடத்தில் பிளந்து, தாடை தனியாகத் தொங்கியது என்று ரைட்டர் சொன்னார். மேஜை, கண்ணாடி, கூரை எல்லாம் ரத்தத் தெறிப்பு. இரண்டு மானிட்டர்களில் வலது பக்கத்தது சுக்குநூறு. ஏழு மணிக்குப் பக்கத்து ஆபீஸ்காரர் எட்டிப் பார்த்தபோது, செத்தவனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மைத்துனன் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் ரத்தம். கேட்ட கேள்விக்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போலீசுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"என் தம்பி ஒரு எறும்பைக்கூட நசுக்க மாட்டான் மேடம்," என்றாள் அந்தப் பெண், நூறாவது தடவையாக. "ஸ்டூடியோ முதலாளிதான். நேத்து சாயங்காலம் அவருக்கும் இவருக்கும் பெரிய சண்டை. முதலாளி எதுக்கெடுத்தாலும் கை நீட்டுவார். யாரை வேணா கேளுங்க."

"இன்னிக்குக் காலையில யார் யாரும்மா இங்க வந்தது?" மேடம் தரையில் மண்டியிட்டுக் கம்பளத்தை மோப்பம் பிடிக்காத குறையாகப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"முதலாளி வந்தாராம். நானும் வந்தேன். எங்க வீட்டுக்காரர் சட்டை, டிபன் பாக்ஸ் எல்லாம் எடுத்துக்கப் போலீஸ்காரர் உள்ளே விட்டார்."

காவலுக்கு இருந்த அந்த கான்ஸ்டபிள் இப்போது சாப்பிடப் போயிருந்தார். போய் ஒரு மணி நேரமாயிற்று. பந்தியே நடக்கிறது போலிருக்கிறது.

"இங்க பாரு கொசு."

குனிந்து பார்த்தேன். கம்பளத்தில் சிவப்புக் கண்ணாடிச் சில்லுகள். உள் அறைக் கதவுக்கு மேலே ஒரு பல்பு ஹோல்டர், அதில் பித்தளைக் கழுத்து மட்டும் மிச்சம். பக்கத்தில் ஒரு அட்டை: 'சிவப்பு எரிந்தால் பேசாதே.'

"பல்பு உடைஞ்சிருக்கு மேடம். கொலை நடந்த ரூம்ல பல்பு உடையறது ஒரு துப்பா?"

"சில்லை நகர்த்திப் பாரு."

நகர்த்தினேன். ஒவ்வொரு சில்லுக்கு அடியிலும் கம்பளத்தின் நைலான் உருகி, சின்னச் சின்னப் பொட்டாகக் கருகியிருந்தது.

"அணைஞ்சிருந்த பல்பு உடைஞ்சா கம்பளம் கருகாது. சில்லு சுடச்சுட விழுந்திருக்கு. அடிதடி நடக்கும்போது இது எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு." மேடம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சிவப்பு விளக்கு எப்பம்மா எரியும்?"

மேடம் அந்தப் பெண்ணுக்கு வலது பக்கம் நின்றிருந்தார். கேள்வி காதில் விழாதது போல மேடத்தைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி இடது காதைக் காட்டினாள். மேடம் திரும்பக் கேட்டார்.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது மேடம். மவுசை எந்தக் கையில பிடிக்கணும்னுகூடத் தெரியாது."

மேடம் தலையாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தார். செத்தவன் தன் கைப்பட எழுதி ஒட்டிய ஒரு தாள் அங்கே இருந்தது. ஒரு மூலையில் அவன் ரத்தமே முற்றுப்புள்ளி வைத்திருந்தது. டிஸ்க் நிறைந்தால் என்ன செய்வது என்பதுதான் தலைப்பு. மேடம் உரக்கப் படித்தார்.

"'திறந்திருப்பதையெல்லாம் முதலில் மூடு. அழிப்பதற்கு முன் என்னவென்று பார். டெம்ப் ஃபோல்டரில் இருப்பதை மட்டும் அழி. அழிய மறுப்பதை வற்புறுத்தாதே, விட்டுவிடு. ரீஸ்டார்ட் கடைசியில்.' ஒழுங்கான ஆளா இருந்திருக்கான்."

அதற்குக் கீழே இன்னொரு வரி, இரண்டு கோடு போட்டு: 'உட்கார்ந்ததும் ரெகார்டு பட்டனைத் தட்டு. நல்ல டேக் எப்போதும் ரெடி சொல்வதற்கு முன்னால்தான் வரும்.'

நான் கம்ப்யூட்டருக்குத் திரும்பினேன். மவுசை அசைத்ததிலிருந்து அது ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தது: சி டிரைவில் இடமில்லை, சி டிரைவில் இடமில்லை. வேலை செய்யும்போது சாஃப்ட்வேர்கள் அவசரத்துக்கு எழுதி வைக்கிற கிறுக்கல்தான் டெம்ப் ஃபைல். வேலை முடிந்ததும் கிழித்துப் போடலாம். அந்த ஃபோல்டர்தான் வழக்கமாகக் குப்பைமேடாக இருக்கும். இங்கே திறந்தால் ஒரு கல்யாண மண்டபமே காலியாகக் கிடந்தது.

"மேடம், எவனோ இன்னிக்குக் காலையில எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு இதைப் பெருக்கித் துடைச்சிருக்கான். ரீசைக்கிள் பின்னும் காலி. அப்ப பையன் லாக்கப்புல இருந்தான். அப்போ இது அவன் வேலை இல்ல."

"ஒண்ணுமே மிச்சமில்லையா?"

"ஒரே ஒரு ஃபைல். அழிக்கப் பார்த்தா, வேற ஒரு ப்ரோக்ராம் பிடிச்சு வெச்சிருக்கு, விடமாட்டேங்குது. ஆனா எந்தப் ப்ரோக்ராமும் திறந்திருக்கலையே."

"ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணிப் பாருங்களேன்," என்றாள் அந்தப் பெண் மூலையிலிருந்து. "எங்க வீட்டு டிவியை அப்படித்தான் சரி பண்ணுவோம்."

நல்ல யோசனைதான். கையைக் கொண்டு போனேன். மேடம் என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இரு. காலையில துடைச்சிருக்கான். அப்ப எவ்வளவு இடம் வந்திருக்கும்?"

"ஏழு ஜிபியாவது."

"இப்ப எவ்வளவு இருக்கு?"

"முந்நூத்திப் பத்து எம்பி." சொல்லி வாய் மூடவில்லை, அது முந்நூற்று ஒன்பதாயிற்று. முந்நூற்று எட்டு. "மேடம், குறையுது! யாரும் எதுவும் செய்யல, தானா குறையுது!"

"காலையில துடைச்ச வீடு மத்தியானத்துக்குள்ள எப்படிடா நிறையும்? உள்ளே எவனோ இன்னும் குடியிருக்கான்." மேடத்தின் விரல் நொறுங்கிக் கிடந்த வலது மானிட்டரைக் காட்டியது. "இது உடையறதுக்கு முன்னாடி இதுல என்ன தெரிஞ்சிருக்கும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்ததும் ரெகார்டு பட்டனைத் தட்டுகிற ஆள். ரெகார்டிங் ஓடும்போது மட்டும் எரிகிற சிவப்பு விளக்கு, அடிதடி நேரத்தில் எரிந்திருக்கிறது. ரெகார்டிங் ஜன்னல் வலது திரையில் இருந்திருக்கிறது. திரைதான் செத்தது, ஜன்னல் சாகவில்லை. நேற்று மாலையிலிருந்து இந்த அறையின் மைக் ஓடிக்கொண்டே இருக்கிறது. கொலையைக் கேட்டிருக்கிறது. போலீசைக் கேட்டிருக்கிறது. இப்போது எங்களையும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

"சேவ் பண்ணாத ரெகார்டிங் மேடம். ரீஸ்டார்ட் பண்ணியிருந்தா அவ்வளவுதான், கோவிந்தா! இடம் தீர்ந்தாலும் சாஃப்ட்வேர் படுத்துடும்."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"நிமிஷத்துக்குப் பதினேழு எம்பி போகுது. கால் மணி, இருபது நிமிஷம்..."

கதவு படீரென்று திறந்தது.

முதலாளியை நான் முன்பின் பார்த்ததில்லை. பார்த்ததும் புரிந்துவிட்டது. கழுத்து என்ற ஒன்றையே கடவுள் வைக்க மறந்த உடம்பு, கையில் கார் ஜாக்கியின் இரும்பு லிவர்.

"ஊர் பூரா நான்தான் கொலைகாரன்னு சொல்லிட்டுத் திரியறியாடி?" நேரே அந்தப் பெண்ணை நோக்கிப் போனான். அவள் தலைமயிரைப் பிடித்து ஸ்டூலிலிருந்து இழுத்தான். அவள் கத்தவில்லை. கைகளைத் தலைக்கு மேலே மடித்துச் சுருண்டுகொண்டாள். அடி வாங்கிப் பழகியவர்கள் அப்படித்தான் சுருளுவார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் புத்தி கெட்டுப்போய்விட்டது.

ஐம்பது கிலோ உடம்பை வைத்துக்கொண்டு அவன் முதுகில் தாவினேன். உதறினான். பறந்து போய் மேஜைக் காலில் விழுந்தேன். லிவர் முதலில் என் விலாவில் இறங்கியது. ஏதோ உள்ளே முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அடுத்து அவன் பூட்ஸ் என் பையை மிதித்தது, அதற்கடுத்து என் வாயை. கடைவாய்ப் பல் ஒன்று நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது.

"என் ஸ்டூடியோ, என் மிஷின்! எல்லாரும் வெளியே போங்கடா!" மூன்றாவது வீச்சு என் மண்டைக்கு. உருண்டேன். லிவர் சுவரிலிருந்த சுவிட்ச் போர்டில் இறங்கியது. நீலப் பொறி தெறித்தது. விளக்கு போயிற்று, ஏசி போயிற்று. கருகிய நாற்றத்தோடு அவன் மறுபடியும் கையை ஓங்கினான்.

மேடத்தின் கைப்பையில் எப்போதும் எக்ஸ்சேஞ்ச் காலத்துக் கறுப்பு ரிசீவர் ஒன்று இருக்கும். பழைய காலத்துச் சரக்கு. அரைக்கல் மாதிரி கனம். அதை இரண்டு கையாலும் பிடித்து அவன் காதுக்குப் பின்னால் ஒரு போடு போட்டார். அவன் ஆச்சரியமாகத் திரும்பினான். மூக்கின் மேல் இன்னொன்று. மூக்கெலும்பு நொறுங்கியது. ரத்தம் என் சட்டையெல்லாம் தெறிக்க, மரம் போல விழுந்தான்.

"ராங் நம்பர்," என்றார் மேடம், மூச்சு வாங்க.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பீப். பீப். பீப். மேஜைக்கு அடியில் யூபிஎஸ். இருட்டில் மானிட்டர் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"பழைய பேட்டரி," என்றேன், பல்லைத் துப்பிவிட்டு. "அஞ்சு நிமிஷம் தாங்கினா பெரிசு."

விலா ஒவ்வொரு மூச்சுக்கும் கத்தியால் குத்தியது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கீபோர்டாலேயே அந்த ஜன்னலை உடைந்த திரையிலிருந்து இந்தத் திரைக்கு இழுத்தேன். வந்தது! இருபத்திரண்டு மணி நேரத்து ஒலி, பச்சைப் புழுவாக நெளிந்துகொண்டிருந்தது. ரெகார்டிங்கை நிறுத்தினேன். மிச்ச இடம் இருநூற்று நாற்பதில் நின்றது.

"முழுசா வேணாம். கொலை நடந்த அரை மணி நேரத்தை மட்டும் வெட்டி சேவ் பண்ணு," என்றார் மேடம்.

அதைத்தான் செய்தேன். திரை பதில் சொன்னது: இடம் போதாது, ஐந்நூற்றுப் பத்து எம்பி தேவை.

"பென் டிரைவ்?"

பையைக் கவிழ்த்தேன். முதலாளியின் பூட்ஸ் அதை அப்பளமாக்கியிருந்தது. டெம்ப் ஃபோல்டர் ஏற்கெனவே காலி. ரீசைக்கிள் பின் காலி. மிச்சமிருப்பதெல்லாம் விண்டோஸின் சொந்த ஃபைல்கள். அவசரத்தில் தெரியாமல் ஒன்றில் கை வைத்தால் இருப்பதும் போய்விடும். ஆழம் தெரியாமல் காலை விட நேரமா இது? பீப். பீப்.

மேடத்தின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். ரைட்டர் குசுகுசுத்தார்: "மேடம், இன்ஸ்பெக்டர் உள்ளே போயிட்டார். பையனைத் தலைகீழா கட்டியிருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

அவருக்குப் பின்னால் சத்தம் கேட்டது. முதலில் இரும்பு சதையில் விழுகிற சத்தம். பிறகு ஒரு மனிதன் கத்தக் கூடாது என்று பல்லைக் கடிக்கிற சத்தம். அதைவிடக் கொடுமையான ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை.

மேடம் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஏதாவது சொல்லுங்கள் மேடம் என்று கத்த வாயெடுத்தேன்.

தரையில் சுருண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். பீப், பீப். இரண்டாவது அடி போனில் விழுந்தது. அவள் உடம்பு அதற்குத் துள்ளியது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது அதுதான்.

"ஒலியோட படத்தை வரைஞ்சு வைக்கிற கேஷ் ஃபோல்டர் ஒண்ணு இருக்கு," என்றாள். குரல் நடுங்கவே இல்லை. "மறைச்சு வெச்சிருக்கும். வியூவுல போய் ஹிடன்ங்கறதை டிக் பண்ணுங்க."

என் கை தானாகச் செய்தது. ஃபோல்டர் தெரிந்தது. மூன்று ஜிபி!

"எல்லாத்தையும் அழிக்காதீங்க. போன வருஷத்துத் தேதி இருக்கறதை மட்டும். அதெல்லாம் முடிஞ்ச வேலை. வேணும்னா அதுவே மறுபடி வரைஞ்சுக்கும். நேத்துத் தேதி இருக்கறதைத் தொடாதீங்க, இப்ப ஓடறது அதுலதான் இருக்கு."

தேதி வாரியாக அடுக்கி, பழையதையெல்லாம் பிடித்து டெலீட்டைத் தட்டப் போனேன்.

"ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துங்க! இல்லைன்னா ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும், இடம் வராது."

அழுத்தினேன். இருநூற்று நாற்பது, இரண்டாயிரத்து எழுநூறாயிற்று. மறுபடி சேவ். பச்சைக் கோடு நகர்ந்தது. பாதி. முக்கால். பீப் சத்தம் வேகமெடுத்தது. முடிந்தது.

அப்போதுதான் என் மரமண்டைக்கு ஒன்று ஏறியது. மவுசைப் பிடிக்கத் தெரியாத பெண் இவள்.

"தெரியும்டா," என்றார் மேடம், என்னைப் பார்க்காமலே. "டெஸ்க்டாப்புல என்ன இருக்குன்னு பாரு."

ஒரே ஒரு ஒலி ஃபைல். 'பாப்பா முதல் பேச்சு.' இன்று காலை எட்டு மணி ஒன்பது நிமிஷத்துக்கு டெம்ப் ஃபோல்டரிலிருந்து நகர்த்தப்பட்டிருந்தது. பத்திரமாக வைக்க வேண்டியதை டெம்ப்பில் போட்டு வைப்பது சவுண்டு மாதிரி ஆட்கள் செய்கிற தப்பு. ஊரில் பாதிப் பேர் செய்வதும்தான்.

"அழிப்பதற்கு முன் என்னவென்று பார். சுவர்ல எழுதியிருக்கிற மாதிரியே துடைச்சவங்க பார்த்திருக்காங்க. பெத்த பிள்ளையோட மழலையைத் தனியா எடுத்து வெச்சுட்டு மிச்சத்தை அழிச்சிருக்காங்க. இதோ கிடக்கறானே, இந்த எருமை அதைச் செய்வானா?" மேடம் அவள் அருகே குனிந்தார். "திறந்திருப்பதை மூடுன்னு முதல் வரி. ரெகார்டிங்கை அழிக்கத்தான் நீ காலையில வந்தே, ஆனா ஒரு திரையைத்தான் பார்த்தே. எல்லாம் மூடியிருக்குன்னு நினைச்சுட்டே. அழிய மறுத்த ஃபைலை ஸ்கிப் பண்ணிட்டே. போலீஸ்காரர் கூப்பிட்டுட்டார் போல, ரீஸ்டார்ட் பண்ண நேரமில்ல. அதான் கொஞ்ச நேரம் முன்னாடி இவனை ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னே. இல்லையா?"

அவள் தலை அசைந்தது.

"வலது காது எப்பம்மா போச்சு?"

"ரெண்டு வருஷமாச்சு." இடது காதைக் காட்டியபடி சொன்னாள். "வீட்ல அடிச்சா அக்கம்பக்கம் கேக்கும்னு இங்க கூட்டிட்டு வருவார் மேடம்."

நான் பிளே பட்டனைத் தட்டினேன். தட்டியிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கனத்த கதவு மூடுகிற சத்தம். செத்தவனின் குரல், வானொலி மாதிரி சுத்தமாக: 'கத்துடி. இங்க கத்தினா யாருக்குக் கேக்கும்?' அடி. மறுபடி அடி. ஏதோ தரையில் இழுபடுகிற சத்தம். 'நாளையிலேர்ந்து பாப்பாவையும் கூட்டிட்டு வா. அவளுக்கும் ஒரு நாள் பழக்கணும்ல?' பிறகு இரண்டு நொடி மௌனம். பிறகு பல்பு வெடித்தது. ஸ்டாண்டு இறங்கியது. திரும்பத் திரும்ப இறங்கியது. நான் ஏழு வரை எண்ணினேன்.

மேடம் தன் போனைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரின் மேல் வைத்தார். முப்பது வருஷப் பழக்கம் குரலில் வந்தது. "ரைட்டர், அங்க ஸ்பீக்கர்ல போடுங்க. இன்ஸ்பெக்டரை நிறுத்தச் சொல்லுங்க. லைன்ல இருங்க, கனெக்ட் பண்றேன்."

நான் தள்ளிவிட, ஒலி முன்னால் தாவி ஓடியது. கதவு திறக்கிறது. தம்பியின் குரல்: 'அக்கா! என்னக்கா செஞ்சே?' அவள் குரல், மூச்சிரைப்பில்: 'பழியை நீ ஏத்துக்க மாட்டேன்னு பாப்பா மேல சத்தியம் பண்ணு. பண்ணுடா!' 'சரிக்கா, சத்தியம். நீ கிளம்பு. நீ இங்க வரவே இல்ல.'

பழியை ஏற்றுக்கொள்ளச் சத்தியம் விடவில்லை. அக்காவைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. அதனால்தான் அந்த முட்டாள் வாயை மூடிக்கொண்டு விரல் விரலாக உடையக் கொடுத்திருக்கிறான்.

போனின் அந்தப் பக்கம் இரும்பு கீழே விழுகிற சத்தம் கேட்டது. யாரோ யாரையோ அவிழ்க்கச் சொன்னார்கள்.

"அஞ்சு நிமிஷம் பேசாம உட்கார்ந்திருந்தா தானா அணைஞ்சிருக்கும்," என்றேன் அவளிடம். "எதுக்கு எந்த ஃபோல்டர்னு சொன்னீங்க?"

"பாப்பாவுக்கு மாமனாவது மிஞ்சணும்ல?" என்றாள்.

யூபிஎஸ் ஒரே நீளமாகக் கூவியது. திரை அணைந்தது. முழு இருட்டில் மேடத்தின் போன் மட்டும் வெளிச்சமாக இருந்தது. அதிலிருந்து உடைந்த வாயோடு ஒருவன் பேசினான்.

"ஏன்க்கா சொன்னே?"

நேற்று மாலையிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.